அம்மாவின் முட்டியும் நாலு மலையும்

சிங்கப்பூரில் மலை என்று சொல்லிக்கொள்ள நமக்கு இருப்பது புக்கிட் தீமா ஒன்றுதான். உயரம் 163 மீட்டர். அம்மா அதை மலை என்றே ஒத்துக்கொள்ள மாட்டார். "மேடுன்னு சொல்லு" என்பார். அவர் பேராக்கில், சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். வாசலில் நின்று பல் விளக்கும்போதே எதிரில் மலைத்தொடர் தெரிந்த வீடாம். கல்யாணமாகி இங்கே வந்தபிறகு எதிரில் தெரிவதெல்லாம் அடுத்த புளோக்கில் காயும் துணிகள்.

போன வாரம் தங்கை வாட்ஸ்அப்பில் எழுதினாள். "அக்கா, ஜூன் லீவுல அம்மாவைக் கூட்டிக்கிட்டு ஏதாவது மலைக் கிராமத்துக்குப் போவோம். ஹோட்டல், மால் எல்லாம் வேணாம். எங்கேன்னு நீயே சொல்லு." கேட்பது சுலபம். நாங்கள் ஏழு பேர். அம்மாவுக்கு வயது 71, சைவம், இரண்டு முட்டியும் தேய்ந்தவை. என் மகள் தொடக்கநிலை 5. தங்கை மகன் உயர்நிலை 2, ரயில் பைத்தியம். பெரியவர்கள் நாலு பேருக்கும் நாலு ஆசை. என் கணவருக்குச் சாப்பாடு, தங்கைக்குப் பழைய கதைகள், அவள் வீட்டுக்காரருக்குக் காடும் பறவையும், எனக்கு யாராவது சமைத்துப் போட்டால் போதும்.

நான் போய்வந்த மலைகளில் இதற்குத் தோதானவை நாலு: கேமரன் மலை, கொல்லிமலை, நீலகிரியில் கோத்தகிரி, இலங்கையின் மலையகம். வியட்நாமின் சாப்பாவைத் தங்கையே சொன்னாள். படிக்கட்டு வயல்கள் அழகுதான், ஆனால் மீன் சாறு விழாத குழம்பைத் தேடி அம்மாவை அலைய வைக்க எனக்குத் தெம்பில்லை. சரவாக்கின் பாரியோவுக்கும் ஆசை உண்டு. அந்த ஊர் அரிசிக்காகவே போகலாம். மீரியிலிருந்து சின்ன விமானம், அது பறப்பதும் பறக்காததும் மேகத்தின் கையில். ஏழு பேரை வைத்துக்கொண்டு அந்தச் சூதாட்டம் வேண்டாம்.

முதலில் மாதம், பிறகுதான் மலை

நம்மவர்கள் இடத்தைத் தேர்ந்துவிட்டுப் பிறகு தேதி பார்க்கிறோம். பள்ளிப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அது தலைகீழ். ஜூனில் நாலு வாரம், ஆண்டிறுதியில் ஆறு வாரம், மார்ச்சிலும் செப்டம்பரிலும் ஒவ்வொரு வாரம். இவ்வளவுதான் நமக்கு வாய்த்தது. பெரிய விடுமுறை இரண்டுமே எங்கோ ஒரு மழைக்காலத்தின் நடுவில் போய் விழுகின்றன.

ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று. அது மலையின் மேற்கு முகத்தில் மோதி, சுமந்து வந்த நீரையெல்லாம் அங்கேயே கொட்டிவிட்டு, வெறுங்கையோடு கிழக்குப் பக்கம் இறங்கும். அதனால் ஒரே மலைநாட்டில் ஒரு சரிவு நனைந்துகொண்டும் மறு சரிவு காய்ந்துகொண்டும் இருக்கும். இலங்கையில் ஹட்டன், நுவரெலியா பக்கம் குடை இல்லாமல் நடக்க முடியாத மாதத்தில், மலைமுகட்டைத் தாண்டிய ஊவாப் பக்கம், அதாவது அப்புத்தளை, பண்டாரவளை, எல்ல எல்லாம் வெயிலும் காற்றுமாக இருக்கும். நீலகிரியிலும் அதே கணக்கு. கூடலூர் நனையும், கிழக்கே இருக்கும் கோத்தகிரி பெரும்பாலும் தூறலோடு தப்பிக்கும். கொல்லிமலை இன்னும் உள்ளே தள்ளி இருப்பதால் ஜூனில் அதற்குப் பெரிய மழை கிடையாது.

ஆண்டிறுதியில் இது அப்படியே திரும்பும். வடகிழக்குப் பருவமழையில் கோத்தகிரி, குன்னூர் சாலைகளில் மண் சரியும், மலை ரயில் நிற்கும். ஊவாவுக்கும் அதுதான் கனமழைக் காலம். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் மலையகத்தை எப்படி உலுக்கிப்போட்டது என்று பார்த்தோம். கேமரனில் எந்த மாதமும் மழை உண்டு, அக்டோபர், நவம்பரில் கொஞ்சம் கூடுதல்.

ஜூன் என்று முடிவாகிவிட்டபோதே பாதி விடை வந்துவிட்டது. மீதிப் பாதியை அம்மாவின் முட்டியிடம் கேட்க வேண்டும்.

கேமரன்: பக்கத்து வீடு மாதிரி

நாலு தடவை போயிருக்கிறேன். முதல் தடவை கோல்டன் மைல் பக்கம் இரவு பஸ் ஏறி, விடிகாலையில் தானா ராத்தாவில் பல் கிடுகிடுக்க இறங்கியது. அப்புறமெல்லாம் கார். சொந்தக் காரில் போவதென்றால் மலேசியாவின் வாகன நுழைவு அனுமதியை, நாம் வீஇபி என்கிறோமே, அதை முதலில் வாங்கிவிடுங்கள். 2025 ஜூலை 1 முதல் அது இல்லாத சிங்கப்பூர் வண்டிக்கு 300 ரிங்கிட் அபராதம். மேலே ஏற இரண்டு பாதை. தாப்பா வழி பழையது, வளைவுக்கு மேல் வளைவு. சிம்பாங் பூலாய் வழி அகலம். வயிறு கலங்குகிறவர் யாராவது வண்டியில் இருந்தால் இரண்டாவதுதான்.

1885-இல் நில அளவைக்கு வந்த வில்லியம் கேமரன் பெயரில் இருக்கும் மலை இது. 1929-இல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டம் இன்றும் பச்சை விரித்துக் கிடக்கிறது. (தமிழனுக்கு 'போ' என்று பெயர் வைத்த கடையில் உட்கார்ந்து தேநீர் குடிப்பது ஒரு தனி வேடிக்கை.) சுங்கை பாலாஸ் தோட்டத்து மேடையில் உட்கார்ந்தால் சரிவு முழுக்கக் கண்ணுக்கு முன்னால். அம்மா அசையாமல் ஒரு மணி நேரம் இருந்தார். அதற்கு மேலே பாசிக் காடு. பிரிஞ்சாங் சிகரத்துக்குப் பக்கத்தில், ஈரமும் மேகமும் சேர்ந்து ஒவ்வொரு கிளைக்கும் பச்சைக் கம்பளி போர்த்திய காடு. மரப்பலகை நடைபாதை போட்டிருக்கிறார்கள், ஆனால் படி உண்டு, வழுக்கும். பறவைப் பிரியருக்கு இந்த ஒரு இடமே இரண்டு நாளுக்குத் தாங்கும்.

சாப்பாட்டுக்குக் கவலையில்லை. தானா ராத்தாவில் வாழை இலைச் சாப்பாடும் தோசையும் கிடைக்கும், அம்மா மலாய் கலந்த தன் பழைய தமிழில் கடைக்காரரோடு பேச ஆரம்பித்துவிடுவார். பிரிஞ்சாங்கில் முருகன் கோயில் இருக்கிறது. சாலையோரத்தில் செமாய் பழங்குடி மக்கள் பெத்தாய்க் காயும் தேனும் விற்பார்கள். கண்ணாடிப் புட்டித் தேனைவிட அது மேல் என்பது என் கட்சி.

ஆனால் 'கிராமம்' என்று தங்கை கேட்டாளே, அதற்கு இங்கே விடை குறைவு. நாம் சிங்கப்பூரின் தேக்காச் சந்தையில் வாங்கும் கோஸும் தக்காளியும் வளருவது இந்த மலையில்தான், அதற்கு விலையாக மலைச்சரிவெல்லாம் பிளாஸ்டிக் கூரை. மூன்றாவது தடவை, "மலைக்காட்சி அறை" என்று படம் பார்த்துப் பதிவு செய்த அடுக்குமாடி வீட்டில் திரையை விலக்கினால் வெள்ளைப் பிளாஸ்டிக் கடல். அதன் நடுவில் ஒருவர் கீரைக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தார். படம் எந்தக் கோணத்தில் எடுத்தது என்று கடைசி வரை கண்டுபிடிக்க முடியவில்லை. விடுமுறை வாரங்களில் பிரிஞ்சாங் சாலையில் நிற்கும் வண்டிகளைப் பார்த்தால் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியே மலையேறி வந்துவிட்டதோ என்று தோன்றும்.

செப்டம்பரின் ஒரு வார விடுப்புக்குக் கேமரன்தான் சரி. ஜூனில் நாலு வாரம் கையில் இருக்கும்போது இதற்குச் செலவழிக்க மனம் வரவில்லை.

கொல்லிமலை: காலுள்ளவர்களுக்கு

என் கணவரின் அம்மா வழி நாமக்கல் பக்கம். அந்தச் சாக்கில்தான் அங்கே போனோம். திருச்சிக்கு நாலு மணி நேர நேர் விமானம், பிறகு காரில் மூன்று, மூன்றரை மணி நேரம். அந்தக் கடைசிப் பகுதியில்தான் இருக்கிறது புகழ்பெற்ற 70 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிப் பலகை நட்டிருக்கிறார்கள். முப்பது வரை என் மகள் சத்தமாக எண்ணினாள். அதன்பின் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு அமைதியானாள்.

பழமையைத் தேடுகிறவருக்கு இந்த மலையை மிஞ்ச நாலில் வேறில்லை. கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை. ஒரே அம்பு யானையைத் துளைத்து, புலியைத் துளைத்து, மானையும் பன்றியையும் தாண்டிப் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்ததாக வன்பரணர் பாடியது புறநானூற்றில் இருக்கிறது. அதை அந்த மலையில் நின்றுகொண்டு தமிழ்ப் பாடமே கசக்கிற ஒரு சிங்கப்பூர்ப் பிள்ளைக்குச் சொல்லிப் பாருங்கள். "ஒரே அம்பா? சும்மா!" என்று ஆரம்பித்த மகள், இரவு வரை அந்த உடும்புக்காக வருத்தப்பட்டாள். சிரித்தே ஆளைக் கொல்லும் கொல்லிப்பாவை கதை வேறு. அதைச் சொன்னபிறகு தனியாகக் கழிவறைக்குப் போக மாட்டேன் என்றுவிட்டாள், அது வேறு தொல்லை.

சாப்பாடு விஷயத்தில் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டியது முடவாட்டுக்கால். அறப்பளீசுவரர் கோயிலுக்குப் போகும் வழியெல்லாம் கடைகளில் குவித்து வைத்திருப்பார்கள். பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் ஒரு பெரணியின் கிழங்கு அது. பழுப்பு நிறத்தில் மெத்தென்ற ரோமம் மூடி, வெட்டிப்போட்ட ஆட்டுக்கால் போலவே இருக்கும். கத்தியால் அந்த ரோமத்தைச் சுரண்டி எடுத்தால் உள்ளே வெளிர்பச்சை. அதை நசுக்கி மிளகு, சீரகம், பூண்டு போட்டுக் கொதிக்கவிட்டுக் கண்ணாடி டம்ளரில் தருகிறார்கள். முட்டிவலிக்குக் கண்கண்ட மருந்து என்று கடைக்காரம்மா சொன்னார். வலி போனதாக யாரும் எனக்குச் சொன்னதில்லை, ஆனால் அந்தக் குளிரில் மிளகு தொண்டையில் இறங்கிய சுகத்துக்கு இரண்டாவது டம்ளரும் வாங்கினேன். சைவ ஆட்டுக்கால் சூப் என்று அம்மாவுக்குச் சொன்னால் முகம் சுளிப்பார், 'கிழங்கு ரசம்' என்று சொல்லிக் கொடுத்தால் குடிப்பார்.

சாமைச் சோறு கேட்டால்தான் கிடைக்கும். மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சாமை, தினை, கேழ்வரகு விதைத்த சரிவுகளில் பெரும்பகுதியை மரவள்ளி பிடித்துக்கொண்டது. கீழே ஜவ்வரிசி ஆலைகள் காசு கொடுத்து வாங்கிக்கொள்கின்றன, சாமையைக் குத்திப் புடைக்கிற வேலையும் மிச்சம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளாக அங்கே சிறுதானியங்களை மீட்க உழைத்து வருகிறது. தங்கும் இடத்தில் முதல் நாளே சொல்லிவைத்தால் மறுநாள் சாமையும் அவரைக் குழம்பும் வரும். அன்னாசியையும் பலாவையும் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இனி முட்டி. ஆகாய கங்கை அருவி சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழுகிறது. அதன் அடிக்குப் போக ஆயிரத்துச் சொச்சம் படி இறங்க வேண்டும், அப்புறம் அத்தனையும் ஏற வேண்டும். கோயில் வாசலிலேயே அம்மாவை உட்கார வைத்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் ஜூனில் அருவியில் தண்ணீரும் மெலிந்திருக்கும், அவசரம் என்றால் நல்ல மருத்துவமனைக்கு அதே 70 வளைவும் இறங்க வேண்டும். மழை ஓய்ந்த டிசம்பர் கடைசி வாரத்தில், கால் உறுதியாக இருப்பவர்கள் மட்டும் போகட்டும். தமிழ்நாட்டுக்குச் சிங்கப்பூர் பாஸ்போர்ட்டோடு போகிறவர்கள் இந்திய மின்விசாவை மறக்க வேண்டாம். திருச்சி விமானத்துக்கு வந்து நின்றபின் நினைவு வந்த ஒருவரை எனக்குத் தெரியும். அவர் என் வீட்டில்தான் இருக்கிறார்.

நீலகிரி என்றால் கோத்தகிரி

ஊட்டி வேண்டாம் என்று நான் சொன்னால் தங்கைக்குக் கோபம் வரும். ஊட்டியைத் திட்டவில்லை. ஏப்ரல், மே கூட்டம் போய், தமிழ்நாட்டுப் பள்ளிகள் திறந்துவிடும் ஜூனில் அதுவும் மூச்சுவிடக்கூடிய ஊர்தான். ஆனால் நமக்கு வேண்டியது கோத்தகிரி. கோயம்புத்தூருக்கு நேர் விமானம், அங்கிருந்து மேட்டுப்பாளையம் வழியாக இரண்டரை மணி நேரக் கார்ப் பயணம், ஏற்றமும் கொல்லிமலை அளவுக்குக் கொடுமையில்லை. 2024 மே முதல் நீலகிரிக்குள் நுழையும் வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வேண்டும். வாடகைக் கார்க்காரரே எடுத்துவிடுவார், ஆனாலும் எடுத்தாயிற்றா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டிகளுக்கு மாவட்டத்தில் தடை, வீட்டிலிருந்தே ஆளுக்கொரு எவர்சில்வர் புட்டி.

தங்கை மகனுக்கு மலை ரயில். மேட்டுப்பாளையம் முதல் குன்னூர் வரை 1899-இல் ஓடத் தொடங்கி, 1908-இல் ஊட்டியைத் தொட்டது. 2005-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. 46 கிலோமீட்டரில் 208 வளைவு, 16 குகை, 250 பாலம். செங்குத்தான பகுதியில் தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை இருக்கும். நீராவி எஞ்சின் முன்னால் நின்று இழுக்காது, பின்னால் நின்று அந்தப் பல்லைப் பிடித்து வண்டியை மேலே தள்ளும். இதை அவன் எனக்கு மூன்று தடவை விளக்கியிருக்கிறான். அம்மாவுக்கு அந்த நெருக்கமான இருக்கையில் மூன்றரை மணி நேரம் முழங்காலை மடக்கி உட்காருவது முடியாது. பையனும் அவன் அப்பாவும் ரயிலில், நாங்கள் காரில், குன்னூரில் சந்திப்பு. இப்படிப் பிரித்துக்கொண்டால் சரியாக வரும்.

கோத்தகிரியில் ஆங்கிலேய ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819-இல் கட்டிய கன்னேரிமுக்கு பங்களா இருக்கிறது, இன்றைய மலைவாசத்தல மோகத்துக்கெல்லாம் அதுதான் ஆதி. எனக்கு அதைவிட லாங்வுட் சோலை. ஊரை ஒட்டினாற்போல் ஒரு பழைய சோலைக்காடு, ஊருக்குத் தண்ணீர் கொடுக்கும் காடு. 2024-இல் உலக ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் ஏறியது. மலை அணில் கிளைக்குக் கிளை தாவும், கொஞ்சம் அதிர்ஷ்டம் இருந்தால் காட்டெருமை. தரை பெரும்பாலும் மெத்தென்று இருக்கும், அம்மா கைத்தடியோடு கால் மணி நேரம் நடந்துவிட்டுத் திரும்பலாம்.

தோடர் பெண்களின் எம்பிராய்டரி பார்த்தால் தங்கை பர்ஸைத் திறந்துவிடுவாள். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்பும். கோடு போட்டுக்கொள்வதில்லை, துணியின் இழையை எண்ணி எண்ணியே ஊசி போகும். முன்பக்கமா பின்பக்கமா என்று சட்டென்று சொல்ல முடியாது. 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சாப்பாட்டில் படகர் வீட்டு ராகிக் களியும் அவரைக் குழம்பும் கிடைத்தால் விடாதீர்கள். கடையில் அவ்வளவாகக் கிடைக்காது, வீட்டு விருந்தினராகத் தங்கினால்தான். மற்றபடி வர்க்கியும் தேநீரும். மொறுமொறு வர்க்கியைத் தேநீரில் முக்கலாமா கூடாதா என்று எங்கள் வீட்டில் இன்னும் தீராத வழக்கு ஒன்று உண்டு.

எல்லாக் கட்டத்திலும் கோத்தகிரி தேறிவிடுகிறது. ஏறத்தாழ இதையே எழுதித் தங்கைக்கு அனுப்பியும் விட்டேன். அப்புறம் அம்மாவைக் கேட்டேன். முதலில் கேட்டிருக்க வேண்டிய ஆள்.

மலையகம்

"அந்தப் பெரட்டு ஊருக்குப் போலாமா?" என்றார் அம்மா.

2018-இல் நாங்கள் இலங்கை போனபோது அம்மாவும் வந்திருந்தார், முட்டி அப்போது இவ்வளவு மோசமில்லை. அப்புத்தளைக்கு மேலே ஒரு தோட்டத்தில் ஆட்டோ நின்றது, ஒரு லயத்து (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டு) வாசலில் அக்கா ஒருவர் எங்களை உட்காரச் சொன்னார். தேங்காய் எண்ணெய் வைத்த தலையில் துணி சுற்றியிருந்தார், விரல் நுனியெல்லாம் தேயிலைக் கறை. பிளேன்டீ வந்தது. நம் கோப்பிக்கடையின் பால் இல்லாத தே-ஓ மாதிரிதான், ஆனால் சர்க்கரை அதற்குள் இல்லை. சின்னத் துண்டு சர்க்கரைக் கட்டியை ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் வைத்தார். ஒரு கடி, ஒரு மிடறு. மகள் கட்டியை முதலிலேயே விழுங்கிவிட்டுக் கசப்புத் தேநீரோடு முழித்தாள். அக்கா சிரித்துக்கொண்டே இன்னொன்று வைத்தார்.

பேச்சு வாக்கில், "காலைல பெரட்டுக்குப் போகணுமே" என்றார் அவர். அம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். காலையில் தொழிலாளிகளை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடத்துக்குப் பெரட்டு என்று பெயர். அதே சொல்லை அம்மா தன் ரப்பர் தோட்டத்தில் விட்டுவிட்டு வந்திருந்தார். அதன்பின் இரண்டு பேரும் பேசியதில் நாங்கள் யாரும் நுழைய முடியவில்லை. லயம், கங்காணி, துரை, ஆயாக் கொட்டகை. ஒருவர் தேயிலைக் கொழுந்தைச் சொன்னால் மற்றவர் ரப்பர் பாலைச் சொல்வார். நாளுக்கு 18-லிருந்து 20 கிலோ கொழுந்து பறித்தால்தான் முழுச் சம்பளம் என்று அவர் சொன்னபோது அம்மா தலையாட்டினார், மழைநாளில் பாலுக்கு ரப்பர் மரம் சீவ முடியாமல் கூலி போனதைச் சொன்னார்.

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. சேலம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஒரு அண்ணன் மன்னார் வழியாகக் கண்டிக்கு நடந்தான், ஒரு தம்பி நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கினான். இலங்கையில் அவர்கள் முதலில் காப்பிக்குப் போனார்கள். காப்பியை இலைத்துரு நோய் அழித்தபின் தேயிலை வந்தது. ஜேம்ஸ் டெய்லர் அதற்குச் சற்று முன்பே, 1867-இல், லூல்கந்துரவில் அதைப் பயிரிட்டிருந்தார். மலையை மலையாக்கிய அந்த மக்களை 1948-இன் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்கள் ஆக்கியது. 1964-இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் லட்சக்கணக்கானவர்களை இந்தியாவுக்கு அனுப்புவதாகக் கணக்குப் போட்டார்கள். அப்படித் திரும்பியவர்களில் ஒரு பகுதியினர் நீலகிரியில் மறுபடி தேயிலையே பறித்தார்கள். கோத்தகிரியில் நாங்கள் பேசிய ஒரு பெரியவர் "நான் கண்டிக்காரன்" என்றது இப்போதுதான் எனக்குச் சரியாக விளங்குகிறது. தங்கைக்குப் பழைய கதைதானே வேண்டும், இது எங்கள் வீட்டின் அடுத்த கிளைக் கதை.

மற்றக் கணக்குகளும் மோசமில்லை. கொழும்புக்கு நாலு மணி நேரத்துக்குள் விமானம். தம்பத்தென்னைத் தேயிலைத் தொழிற்சாலை 1890-இல் கட்டியது, உள்ளே போய்ப் பார்க்கலாம். அதற்கு மேலே லிப்டன் இருக்கை என்கிற முகடு. அங்கே ஆட்டோ கிட்டத்தட்ட உச்சி வரை ஏறும். அம்மாவுக்காகவே சாலை போட்டதுபோல. விடிந்ததும் போய்விட வேண்டும், பத்து மணிக்கு மேல் மேகம் வந்து திரை போட்டுவிடும். ரயில் பைத்தியத்துக்கு எல்லவுக்குப் பக்கத்தில் 1921-இல் முடித்த ஒன்பது வளைவுப் பாலம். இன்னொன்று தெமோதரை. அங்கே தண்டவாளம் மலையைச் சுற்றி வந்து, தான் கிளம்பிய நிலையத்துக்கு அடியிலேயே குகைக்குள் நுழைந்துபோகும். பறவை பார்க்கிறவர் ஒருநாள் அதிகாலை ஹோர்ட்டன் சமவெளிக்குப் போய் உலக முடிவுப் பாறை வரை நடந்துவிட்டு வரட்டும். அது சுமார் 9 கிலோமீட்டர் சுற்று, நானும் அம்மாவும் போகப் போவதில்லை. ஈரப் புல்லில் அட்டை ஏறும், காலுறைக்கு மேல் சோப்பு தேய்த்துக்கொண்டால் கொஞ்சம் தப்பலாம்.

சாப்பாட்டில் தேங்காய் ரொட்டி, பருப்பு, பலாக்காய்க் கறி, சொதியோடு இடியாப்பம். சைவக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கட்டச்சம்பலில் மாசிக்கருவாடு இடித்துச் சேர்த்திருக்கும். "கருவாடு போட்டதா?" என்று கேட்டால் போதாது, "மாசி போட்டதா?" என்று கேட்க வேண்டும். முதல் தடவை அம்மா பாதி ரொட்டி சாப்பிட்ட பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. இன்றைக்கு வரை அம்மாவுக்குத் தெரியாது. தங்கை இதைப் படித்துவிட்டு உளறாமல் இருந்தால் சரி.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். டிட்வா புயலில் மண்சரிவுகள் உயிர்களையும் லயங்களையும் கொண்டுபோயின, மலைப்பாதைத் தண்டவாளமும் பல இடங்களில் சேதமானது. எந்தப் பகுதியில் ரயில் ஓடுகிறது, எந்தச் சாலை திறந்திருக்கிறது என்று விசாரிக்காமல் டிக்கெட் எடுக்க மாட்டேன். ரயிலே இல்லையென்றாலும் இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக அப்புத்தளைக்கு வேன் போகும், ஆனால் கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து ஒரே மூச்சில் போனால் அம்மாவின் கால் வீங்கிவிடும். நடுவில் ஓர் இரவு தங்க வேண்டும். அதனால் ஏழு நாள் பயணம் ஒன்பது நாளாகும், செலவும் கோத்தகிரியைவிடக் கூடும்.

இன்னொன்றும் உறுத்தும். பழைய துரை பங்களாக்கள் இப்போது சொகுசு விடுதிகள். மேலே வெள்ளைத் துணி விரித்த மேசையில் தேநீர், கீழே கூரைத் தகரத்தில் கல் வைத்த லயம். கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு படம் எடுத்துக்கொள்ளவும் ஏற்பாடு உண்டு. நம் தாத்தாக்கள் எந்த வரிசையில் நின்றார்கள் என்று தெரிந்த பிறகு அந்தப் படம் எனக்கு வேண்டாம். பண்டாரவளையில் குடும்பமாக நடத்தும் சின்ன விடுதி பார்த்து வைத்திருக்கிறேன். சமைப்பது அந்த வீட்டு அம்மா. என் ஒரே ஆசையும் அதில் தீர்ந்தது.

ஆக, இந்த ஜூனுக்கு ஊவா. ஏப்ரல் கடைசிக்குள் பாதைகள் சரியில்லை என்று தெரிந்தால், சத்தம் போடாமல் கோத்தகிரிக்கு மாறிவிடுவோம். அதற்கு இந்திய மின்விசா விண்ணப்பிக்க அவகாசம் இருக்கும். உங்கள் வீட்டில் எல்லாருக்கும் கால் நன்றாக இருந்து, கையில் டிசம்பர் இருந்தால், எங்களைப் பார்க்காதீர்கள், கொல்லிமலைக்குப் போங்கள்.

முடிவைச் சொன்ன அன்று மாலையே அம்மா அலமாரியின் அடித்தட்டைக் கிளறி, அப்பா எப்போதோ கேமரனில் வாங்கித் தந்த ஊதா ஸ்வெட்டரை எடுத்தார். அந்துருண்டை வாசம் வீடு முழுக்க. துவைத்து, மூங்கில் கழியில் கோத்து வெளியே நீட்டியாயிற்று.

"ஜூனுக்கு இன்னும் மூணு மாசம் இருக்கும்மா" என்றேன்.

"காயட்டும்" என்றார்.